நெல்லை வட்டாரத்து வீட்டு இசைத்தட்டுகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி முதலிய தாமிரபரணிப் படுகை ஊர்களில் வீடுகளிலும் பழைய ஒலிபெருக்கிக் கடைகளிலும் எஞ்சியிருக்கும் கிராமபோன் தட்டுகளும் வினைல் தட்டுகளும் இக்கட்டுரையில் ‘வீட்டு இசைத்தட்டுகள்’ எனப்படுகின்றன. பேச்சுவழக்கில் இவை ‘ரெக்கார்டு’, ‘பிளேட்டு’ என்று வழங்கின. பரணிலோ தகரப் பெட்டியிலோ கிடந்த தட்டுகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்துக் கேட்க விரும்புவோர், எது எந்த வகைத் தட்டு என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். தவறான ஊசியில் ஒருமுறை ஓட்டினாலே மீட்க முடியாத சேதம் ஏற்படலாம்.

தட்டுகளின் வகை

பழைய தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. பெரும்பாலும் 10 அங்குல விட்டம் கொண்டவை. அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசினுடன் கனிமத் தூள் சேர்த்துச் செய்யப்பட்டவை. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடு போல உடையும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும்.

வினைல் என்னும் நெகிழியில் நுண்ணிய பள்ளங்களுடன் அமைந்த நெடுந்தட்டை (எல்.பி.) அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் 1948இலும், 7 அங்குல 45 சுழல் தட்டை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இலும் வெளியிட்டன. நெடுந்தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால்தான் என்று சிலர் சொல்வதுண்டு. சரியான கணக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் ஆகும். தமிழ்த் திரைப்பாடல்கள் 45 சுழலில் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பாடலாக வெளிவந்தன. ‘இ.பி. ரெக்கார்டு’ என்று கடைகளில் கேட்டு வாங்கப்பட்டவை இவையே.

புதிய வகை வந்ததும் பழையது மறையவில்லை. இந்தியாவில் 1960களிலும் 78 சுழல் தட்டுகள் வெளிவந்தன. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட இங்கே அரக்குத் தட்டில் கிடைத்தன. கைப்பிடி சுற்றி விசையேற்றும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம் என்பது இதற்கு ஒரு காரணம். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது என்றாலும், உள்ளூர் வீடு ஒவ்வொன்றுக்கும் மின்கம்பி வந்து சேரக் காலம் பிடித்தது. ஆகவே ஒரே பெட்டியில் இரு வகைத் தட்டுகளும் கலந்திருப்பது இயல்பு.

தட்டில் மட்டும் எஞ்சிய குரல்

செங்கோட்டையில் 1906இல் பிறந்த நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில், தமது 27ஆம் வயதில் காலமானார். தமிழில் பேசும்படம் வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. மேடையில் அவரைக் கேட்டவர்களும் இன்று இல்லை. அவர் பாடிய விதத்தை அறிய எஞ்சியிருக்கும் வழி, 78 சுழல் தட்டுகளும் அவற்றிலிருந்து எடுத்த படிகளும்தாம். மூன்று நிமிட எல்லைக்குள் பாடியவற்றைக் கொண்டு, இரவெல்லாம் நடந்த நாடகத்தில் அவர் எப்படிப் பாடியிருப்பார் என்பதை ஓரளவே ஊகிக்க முடியும். ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டிய உச்சக் குரல் என்பது மட்டும் தட்டிலேயே தெளிவாகத் தெரிகிறது.

அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள காருகுறிச்சியின் நாதசுரக் கலைஞர் ப. அருணாசலத்தின் நிலை சற்று வேறு. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் மாணவரான இவர் 1964 ஏப்ரலில் மறைந்தார். வானொலிப் பதிவுகளும் தட்டுகளும் உள்ளன. ஆனால் ஊர் மக்கள் வீடுகளில் இவர் வாசிப்பு நுழைந்தது பெரும்பாலும் ஒரு திரைப்பாடல் வழியாகவே. 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகி பாடிய ‘சிங்கார வேலனே தேவா’ பாடலுக்கு நாதசுரம் வாசித்தவர் இவர். படத்துக்கு இசையமைத்த எஸ். எம். சுப்பையா நாயுடு கடையநல்லூரில் பிறந்தவர். ஆபேரி ராகத்தில் குரலும் நாதசுரமும் ஒன்றை ஒன்று துரத்திச் செல்லும் அப்பாடல், கோயில் வீதியில் மணிக்கணக்காக ராகம் வாசித்த ஒருவரைச் சில நிமிடங்களுக்குள் அடக்கிக் காட்டுகிறது. அது இழப்பா பேறா என்பதில் இசை ரசிகர்களிடையே ஒத்த கருத்து இருக்க வாய்ப்பில்லை.

தட்டின் நடுத்தாளில் பாடலாசிரியராக ‘பாபநாசம் சிவன்’ என்ற பெயரைக் காணும் இப்பகுதியினர் அவரைத் தாமிரபரணிக் கரைப் பாபநாசத்துக்காரர் எனக் கொள்ளலாகாது. அவர் தஞ்சை மாவட்டத்தவர். அது வேறு பாபநாசம்.

கொடை விழாவும் ரேடியோ செட்டும்

தட்டுகளை விலைக்கு வாங்கியோர் வீட்டு ரசிகர்கள் மட்டுமல்லர். கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம், அம்மன் கோயில் கொடை எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கி கட்டும் ‘ரேடியோ செட்’காரர்களே பெரிய வாடிக்கையாளர்கள். சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் ஓய்ந்திருக்கும் நேரத்தைத் தட்டுகள் நிரப்பின. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்குவது வழக்கம். கல்யாண வீட்டில் ‘பாசமலர்’ (1961) படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய ‘வாராயென் தோழி’ இல்லாமல் முடியாது. மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்களில் நாகூர் இ. எம். ஹனிபாவின் பாடல்களுக்கு அந்த இடம் உண்டு.

பாட்டோடு வசனத் தட்டுகளும் ஓடின. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) படங்களின் வசனங்களைப் படம் பார்க்காத சிறுவர்களும் மனப்பாடமாகச் சொன்னது ஒலிபெருக்கியின் புண்ணியத்தால். பாஞ்சாலங்குறிச்சி அன்று திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986இல். சொந்த மண்ணின் கதை என்ற உரிமையும் அந்த வசனத்துக்குக் கூடுதல் வரவேற்பைத் தந்திருக்கும்.

வீட்டில் தட்டு வாங்க வசதியில்லாதோர் அதே பாடல்களை இலங்கை வானொலியில் கேட்டனர். கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த அந்த ஒலிபரப்பு தென்மாவட்டங்களில் தெளிவாகக் கிடைத்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பரில் தொடங்கியது. 1980களில் ஒலிநாடா பரவியபின் தட்டுகள் வேறொரு வேலைக்குப் போயின: விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், பதிவுக் கடைக்காரர் தட்டிலிருந்து வெற்று ஒலிநாடாவில் ஏற்றித் தருவார். கடைகளில் தட்டுகள் குப்பைக்குப் போகாமல் சில காலம் தப்பியது இதனால்தான்.

தட்டை அடையாளம் காணுதல்

நடுத்தாளில் படத்தின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பட்டியல் எண் ஆகியவை இருக்கும். பழைய தட்டுகளில் ஆண்டு அரிதாகவே அச்சிடப்பட்டது. வட்டத்துக்குள் ‘பி’ என்ற ரோமன் எழுத்தும் ஆண்டும் இருந்தால் அது 1970களிலோ பின்னரோ அச்சான பிரதி என்று கொள்ளலாம். 1960களில் வந்த பாடலின் தட்டிலும் அக்குறி இருக்கக்கூடும், அது மறுபதிப்பு.

நடுத்தாளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையிலுள்ள வழுவழுப்பான வளையத்தில் சிறிய எண்ணொன்று பொறிக்கப்பட்டிருக்கும். இது அச்சு எண். நடுத்தாள் கிழிந்தோ செல்லரித்தோ போனாலும் இவ்வெண் அழியாது. பெட்டியைத் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, எதையும் ஓட்டிப் பார்க்காமல் இந்த இரு எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பதே.

சில தட்டுகளின் மேல் மையால் உரிமையாளர் பெயரும் ஊரும் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதைக் குறையாகக் கருதி விலையைக் குறைப்பர். இவ்வட்டாரத் தட்டுகளைப் பொறுத்தவரை அந்தக் கிறுக்கலே வரலாறு. அது வீட்டுத் தட்டா, ரேடியோ செட் தட்டா, எத்தனையாவது தட்டு என்பதை அறிய வேறு சான்று கிடைக்காது. அழிக்கக் கூடாது. ஒரு பக்கம் வெளுத்துச் சாம்பல் நிறமாகவும் மறுபக்கம் பளபளப்பாகவும் இருந்தால், ஊர் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டது என்பதும் தெரிந்துவிடும்.

மீண்டும் ஓட்டும்போது

கிராமபோனின் எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். அதன் தலைப்பாகம் நூறு கிராமுக்கும் மேலான எடையைத் தட்டின்மேல் இறக்கும். அரக்குத் தட்டு அதைத் தாங்கும்படி செய்யப்பட்டது. வினைல் தட்டை அதில் வைத்தால் பள்ளமே உழப்பட்டுவிடும். இன்றைய கருவிகள் இரண்டு, மூன்று கிராம் எடையில் ஓடுகின்றன. அவற்றிலும் 78 சுழல் தட்டுக்கு அகன்ற முனையுள்ள ஊசி தனியாக வேண்டும். நுண்பள்ள ஊசி அரக்குத் தட்டின் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே எழுப்பும்.

வேகமும் கவனிக்கத்தக்கது. வேகம் ஏறக்குறைய 6 விழுக்காடு மாறினால் சுருதி அரைக்கட்டை மாறும். தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிவானவை அல்ல. எனவே கிட்டப்பாவின் சுருதி இத்தனை கட்டை என்று தட்டை வைத்து அடித்துச் சொல்பவர்கள், எந்த வேகத்தில் ஓட்டினோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வினைல் தட்டை வாலை வடிநீரும் ஒருதுளி மென்சோப்பும் கொண்டு மெல்லிய தூரிகையால், பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம். அரக்குத் தட்டில் சாராயம் கலந்த எந்தத் திரவமும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வெயிலும் வெள்ளமும்

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் தகரக் கூரையின் கீழ் வைப்பதும் வினைலை நெளியச் செய்யும். நூல்களைப் போல நிமிர்த்தி வைப்பதே முறை.

தாமிரபரணியில் 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருவெள்ளம் வந்து ஆற்றங்கரைப் பகுதிகளுக்குள் புகுந்தது. இத்தகைய நீரில் நனைந்த தட்டுகளை உடனே குப்பையில் போடுவது தவறு. வினைல் நீரால் கெடாது. கெடுவது உறையும் நடுத்தாளும். சேறு காய்ந்துவிட்டால் மணல் பள்ளத்தைக் கீறும். ஈரமாக இருக்கும்போதே தேய்க்காமல் நல்ல நீரில் அலசி, உறையைத் தனியே பிரித்து, நிழலில் நிமிர்த்தி உலர்த்த வேண்டும். அரக்குத் தட்டுகளை நீரில் ஊற விடக் கூடாது. சில நிறுவனங்களின் அரக்குத் தட்டுகள் உள்ளே காகித அடுக்கு வைத்துச் செய்யப்பட்டவை. நீர் புகுந்தால் உப்பிப் பிளக்கும்.

படியெடுத்தலும் உரிமையும்

தட்டை மின்னணுக் கோப்பாக மாற்றி வைப்பது நல்லது. பொதுவில் வெளியிடும்போதுதான் உரிமைக் கேள்வி எழும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் மீதான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1962இல் வந்த தட்டுக்கு அது 2022 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு; அது படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீளும். சுப்பையா நாயுடு 1979இல் காலமானார். அவர் மெட்டுகளுக்கு 2039 இறுதிவரை உரிமை இருக்கிறது. ஒரே தட்டில் ஒலி விடுபட்டு, இசை விடுபடாமல் இருக்கும் இந்நிலை பலரும் அறியாதது.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இசைத்தட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பாதுகாக்கிறது. இசை விமர்சகர் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் 78 சுழல் தட்டுகளைத் தனி ஒருவராகச் சேர்த்தவர். மும்பையில் 1990 முதல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இயங்குகிறது. பழைய இரும்புக்கடைக்குப் போவதற்கு முன் தட்டுகளின் எண் பட்டியலை இத்தகைய இடங்களுக்கு அனுப்பிப் பார்க்கலாம். வேறெங்கும் பிரதி இல்லாத தட்டு எது என்று அப்பட்டியலைக் கொண்டே அவர்களால் ஒப்பிட முடியும்.