பேரனுக்கு ஊசி போட்டாச்சா?

ஆடி மாதம். லண்டனில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். ஒரு மாதம் தங்குவார்கள்.

தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டி முறுக்கு சுடுகிறாள். லண்டனில் மகன் பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்குகிறான். சாக்லெட், சென்ட், துணிமணி எல்லாம் தயார். ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். டாக்டரைப் பார்க்கவில்லை!

"நம்ம ஊருக்குத்தானே போகிறோம்? பிறந்து வளர்ந்த ஊரில் என்ன வந்துவிடும்?" என்பது அவன் எண்ணம்.

இந்த எண்ணம்தான் ஆபத்து என்கிறார்கள் டாக்டர்கள்.

யாருக்கு வருகிறது?

இங்கிலாந்தில் டைபாய்டு காய்ச்சலுடன் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம் போய்த் திரும்பியவர்கள். அவர்களில் பலர் உறவினரைப் பார்க்கப் போனவர்களே!

என்ன காரணம்?

ஊர் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டார் சில நாள் ஓட்டலில் தங்குகிறார்கள். பாட்டில் தண்ணீர் குடிக்கிறார்கள். ஊருக்கு வரும் பிள்ளையோ பல வாரம் தங்குகிறான். சித்தப்பா வீடு, அத்தை வீடு, கல்யாண வீடு என்று எல்லா இடத்திலும் சாப்பிடுகிறான்.

அப்பாவும் பிள்ளையும்

ஏ வகை மஞ்சள் காமாலை நம் நாட்டில் பலருக்குச் சிறு வயதிலேயே வந்து, தெரியாமலே போய்விடும். பிறகு ஆயுள் முழுவதும் அது அண்டாது. அப்பா இங்கே வளர்ந்தவர். ஒருவேளை தப்பிக்கலாம். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

டைபாய்டு அப்படியும் அல்ல. ஒரு முறை வந்தவருக்கும் மறுபடி வரலாம். கவனிக்காமல் விட்டால் குடலில் ஓட்டை விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும்.

எப்போது போடுவது?

புறப்படுவதற்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே டாக்டரிடம் போக வேண்டும். டைபாய்டு ஊசியை 2 வாரத்துக்கு முன்பாவது போட்டுவிடுவது நல்லது. ஏ வகை காமாலைக்கும் ஊசி இருக்கிறது. கைக்குழந்தை என்றால் தட்டம்மை ஊசி பற்றியும் கேட்க வேண்டும். டைபாய்டு ஊசியின் பலன் சில ஆண்டுகளே நிற்கும். போன தடவை போட்டது இந்தத் தடவைக்குப் போதுமா என்று டாக்டர் சொல்வார்.

பாட்டியின் பங்கு

ஊசி போட்டாலும் நூற்றுக்கு நூறு பாதுகாப்பு இல்லை. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுங்கள். ஐஸ் கட்டியில் டைபாய்டு கிருமி சாவதில்லை. ஆகையால் தெருவில் விற்கும் ஐஸ் போட்ட சர்பத் வேண்டாம். சோறு, குழம்பு சுடச்சுட இருக்கட்டும். சமைப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

மருமகள் காய்ச்சிய தண்ணீர் கேட்டால், "நம்ம வீட்டுத் தண்ணி இவளுக்கு ஆகாதோ?" என்று முகம் சுளிக்காதீர்கள். அவள் கேட்பது உங்கள் பேரனுக்காக!

நாய் கடித்தால்

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தெருநாயைக் கண்டால் கொஞ்சத் தோன்றும். தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லுங்கள். கடித்தாலோ, பிறாண்டினாலோ, 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. "வீட்டில் திட்டுவார்கள்" என்று பிள்ளை மறைத்துவிடக்கூடாது. அந்தப் பயத்தைப் போக்குவது பெரியவர்கள் கடமை.

திரும்பிய பிறகு

டைபாய்டு கிருமி உள்ளே போனதும் காய்ச்சல் வராது. பெரும்பாலும் 1 முதல் 3 வாரம் கழித்தே வரும். அதற்குள் குடும்பம் லண்டன் போயிருக்கும். அங்கே காய்ச்சல் கண்டால், "இந்தியா போய் வந்தோம்" என்று டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து நாள் கடந்துவிடலாம்.

அடுத்த தடவை மகன் போனில், "டிக்கெட் எடுத்துவிட்டேன், அப்பா" என்று சொல்வான். எந்தத் தேதி என்று கேட்கும்போதே இன்னொன்றும் கேளுங்கள்:

"பிள்ளைகளுக்கு ஊசி போட்டாச்சா?"