எந்த ராகம் என்று கேட்காதீர்கள்

ஒக்டோபர் முடிவதற்குள் கட்டுரை வர வேண்டும் என்று ஆசிரியர் கெடு வைத்துவிட்டார். இளஞ்சிவப்பு ரிப்பன் மாதம் போனால் இந்த விஷயத்துக்குப் பத்திரிகையில் இடம் கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆகும். மேசையில் வாசகர் கடிதங்கள். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, உப்புவெளி என்று முகவரி வேறுவேறு. கேள்வி அநேகமாக ஒன்றுதான்: மார்பகப் புற்றுநோய்க்கு எந்த ராகம் கேட்க வேண்டும்? ஒருவர் ஆனந்தபைரவி, நீலாம்பரி என்று எழுதி, நான் சரி போட்டு அனுப்பப் பக்கத்தில் கட்டமும் வரைந்திருக்கிறார்.

கட்டம் காலியாகவே இருக்கட்டும். எந்த ராகமும் கட்டியைக் கரைக்காது. வயலின் வித்துவான் குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ராக ஆய்வுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். அந்த ஆர்வத்தை மதிக்கலாம். ஆனால் இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பி ஒரு கீமோவைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். யாழ் நூல் தந்த விபுலாநந்தர் கல்லூரி அதிபராக இருந்த ஊர் திருகோணமலை, இங்கே இசையை யாரும் குறைத்துப் பேசவில்லை.

‘இசைச் சிகிச்சை’ என்ற சொல்லைத்தான் தாராளமாகச் செலவழிக்கிறோம். மண்டபத்தில் ஒலிபெருக்கி, கீபோர்ட்டோடு இருவர், பிரமுகர் உரை, பிளாஸ்டிக் கதிரைகளில் களைத்த முகங்கள்: பதாகையில் ‘இசைச் சிகிச்சை’ என்று போட்டிருக்கும். அது இசை நிகழ்ச்சி. முறையாகப் பயின்ற ஒருவர் நோயாளியோடு உட்கார்ந்து, அவருடைய நிலையைப் பார்த்துப் பார்த்து இசையை மாற்றுவதுதான் இசைச் சிகிச்சை. தாதி ஹெட்போனில் பாட்டுப் போட்டுக் கொடுப்பதை ஆய்வாளர்கள் ‘இசை மருத்துவம்’ என்று தனியாகப் பிரிக்கிறார்கள். பிரித்தானியாவில் பதிவு பெறாதவர் தன்னை இசைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொண்டால் சட்டப்படி குற்றம்.

இதில் என்னை மயக்கிய சூட்சுமம் ஒன்று உண்டு. 1940களில் ஐரா ஆல்ட்ஷூலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சொன்னது: சோர்ந்திருப்பவரிடம் உற்சாகப் பாட்டோடு போகாதே. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே போய் நில், பிறகு கையைப் பிடித்து மெல்ல நகர்த்து. சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடுகிறது. பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. சிகிச்சையாளர் முதலில் அந்தப் பாதத்தின் வேகத்தையே கிட்டாரில் பிடிக்கிறார். நிமிடத்துக்கு 90 தட்டு என்றால் 90. அந்தப் பெண்ணின் உடலும் இசையும் ஒரே ஓட்டத்துக்கு வந்தபின், அவர் கவனிக்காத அளவில் 85, 80 என்று இறக்குகிறார். மூச்சு பின்னாலேயே இறங்கிவருகிறது. சோர்ந்து கிடப்பவருக்கு இதே பாதை தலைகீழ்: கீழே, மெதுவாகத் தொடங்கி, மேலே ஏற்றுவது.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வலை இழுப்போருக்கு அம்பாப் பாட்டுப் பாடுகிறவர் தன் இஷ்டத்துக்குப் பாடுவதில்லை. வலை பாரமாக இருக்கும்போது பாட்டும் இழுபட்டுப் போகும். மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டு வேகம் பிடிக்கும். தோள்களும் கூடவே வேகம் பிடிக்கும். செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லும் ஆச்சியும் அழுகையில் தொடங்கித்தான் அழுகையை அடக்குகிறார்.

இதையே திருப்பிப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. கதிர்ச் சிகிச்சைக்காக மட்டக்களப்பு, அநுராதபுரம், கண்டி, மகரகம என்று அலைந்துவிட்டுத் திரும்பும் பெண்ணின் தலைக்குமேல் பஸ் ஸ்பீக்கர் குத்துப்பாட்டு அடிக்கிறது. நிறுத்தச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. அதுவும் இசைதான். “அழாதேங்கோ அக்கா, ஒரு நல்ல பாட்டுப் போடுறன்” என்று வரும் உறவினரும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்.

சரி, சான்று? 2021இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு பல வகைப் புற்றுநோயாளிகளிடம் நடந்த 81 ஆய்வுகளை, 5,576 பேரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பதற்றம் 20 முதல் 80 வரையுள்ள அளவுகோலில் ஏறத்தாழ 8 புள்ளி குறைந்தது. மனச்சோர்வும் வலியும் குறைந்தன. களைப்பில் கிடைத்தது சிறிய பலன்தான். சான்றின் தரமும் குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். காரணம் எளிது. மருந்து ஆய்வில் மாவு வில்லை கொடுத்து ஒப்பிடலாம். காதில் பாட்டு விழுகிறதா இல்லையா என்பதை நோயாளியிடம் எப்படி மறைப்பது? ‘ஆறுதலாக இருக்கிறதா’ என்று கேட்டால், பாட்டுப் பாடிய பிள்ளையின் முகத்தைப் பார்த்து எவர்தான் இல்லை என்பார்?

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மார்பகச் சத்திரசிகிச்சைக்கு வந்த 200க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. நேரில் பாடக் கேட்டவர்களுக்கும் ஒலிப்பதிவில் கேட்டவர்களுக்கும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு, 40 வீதத்துக்குச் சற்று மேல், குறைந்தது. ஆனால் மயக்க மருந்தின் தேவை குறையவில்லை. பயம் குறைந்தது உண்மை. அதற்கு மேல் எதையும் இந்த ஆய்வின் பெயரில் விற்க வேண்டாம்.

பிரேசிலில் கதிர்ச் சிகிச்சை பெற்ற 116 பெண்களிடம் நடந்த ஆய்வில் களைப்பு குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் புற்றுநோய்க் களைப்புக்கு 2024இல் வந்த அமெரிக்க வழிகாட்டி முன்னே வைப்பது உடற்பயிற்சி, சிந்தனை நடத்தைச் சிகிச்சை, மனக்கவனப் பயிற்சி, தாய்ச்சி ஆகியவற்றையே.

மீதிக் கடிதங்களுக்குச் சுருக்கமாக.

கர்நாடக இசைதான் வேண்டுமா? இல்லை, உங்களுக்குப் பிடித்தது எதுவோ அது.

இசைக்கருவி வேண்டாம் என்பவர்களுக்கு? உம்மம்மா சொன்ன கவி போதும்.

எவ்வளவு நேரம்? கிளீவ்லாந்தில் சத்திரசிகிச்சைக்கு முன் ஒரே ஒரு பாட்டு.

கீமோ ஏறும்போது மிகப் பிடித்த பாட்டைக் கேட்கலாமா? வேறொன்றைக் கேளுங்கள், குமட்டல் அந்தப் பாட்டோடு ஒட்டிக்கொள்ளக்கூடும்.

கட்டணம் கேட்கிறார்களே? எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக, பெயர் போடாமல் வந்த கடிதத்துக்கு. “பாட்டுக் கேட்டும் எழும்ப ஏலாமல் கிடக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்கி எழுந்தும் போகாத களைப்புக்கு இரத்தச்சோகையும் தைரொயிட்டும் காரணமாக இருக்கலாம். அவற்றுக்கு மருந்து உண்டு. அடுத்த கிளினிக் நாளில் உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று டொக்டரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.