நிறுத்திய காரில் கரண்ட் எங்கே போகிறது?

புது பேட்டரி மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் மறுபடியும் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான். செல்ஃப் எடுக்கவில்லை. பழைய பேட்டரியும் இப்படித்தான் போனது என்றால், கார் நிற்கும் நேரத்தில் ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

தினமும் இறங்கினால் கண்டுபிடிப்பது எளிது. சில நாள் இறங்கி, பல நாள் இறங்காமல் இருப்பதுதான் ஆளை அலைக்கழிக்கும். மெக்கானிக்கிடம் ஒரு நாள் விட்டால் அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். "ஒண்ணும் இல்லையே சார்" என்று அவர் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் வந்து வந்து போகும் கோளாறு காரணமில்லாமல் வருவதில்லை. அது வருவதற்கு ஒரு சூழ்நிலை தேவை. அந்தச் சூழ்நிலையைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எவ்வளவு இறங்கினால் இயல்பு?

பூட்டி நிறுத்திய காரிலும் சில பாகங்கள் விழித்தே இருக்கும். ரிமோட்டின் அழைப்புக்குக் காத்திருக்கும் சென்ட்ரல் லாக், திருட்டு அலாரம், கடிகாரம், ஸ்டீரியோவின் நினைவகம் எல்லாம் சேர்ந்து பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். இது கோளாறு இல்லை.

சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஏ.எச். போகும். பேட்டரி பாதியாகக் குறைய 24 நாள் ஆகும். 2020 ஊரடங்கில் வாசலிலேயே நின்ற எத்தனையோ கார்கள் சில வாரங்களில் எடுக்காமல் போனதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இதே காரில் டிக்கிக்குள் இருக்கும் 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால் சுமார் 0.4 ஆம்பியர் போகும். பாதிப் பேட்டரி இரண்டு நாளுக்குள் காலி. பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரியால் செல்ஃப் திணறும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, புது பேட்டரியும் கெட்டுவிடும். ஒழுகும் இடத்தை அடைக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பேட்டரி நல்லதுதானா?

இதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வண்டியை நிறுத்தி இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து பேட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஓட்டி வந்த உடனே பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பக்கூடாது.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதை எட்டவில்லை என்றால் டைனமோ, அதாவது ஆல்டர்நேட்டர், சார்ஜ் ஏற்றவில்லை என்று சந்தேகிக்கலாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரிலும் எடுத்த கரண்ட் திரும்ப ஏறாது.

மூன்றாவது சோதனைக்குச் செலவே இல்லை. இரவு முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். காலையில் வோல்ட் கணிசமாகக் குறைந்திருந்தால் குறை பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. குறையவில்லை என்றால் சந்தேகம் காரின் பக்கம் திரும்புகிறது. இந்தச் சோதனையை ஒரே இரவோடு நிறுத்தாமல் இரண்டு, மூன்று இரவு செய்தால் நிச்சயமாகச் சொல்லலாம்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரின் பாடி முழுவதும் எர்த் என்பதால், பாசிட்டிவ்வை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். பக்கத்தில் நெருப்பு கூடாது. மோதிரம், உலோக வாட்ச் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

என் காரில் இந்தத் தொல்லை நான்கு மாதம் நீடித்தது. சில திங்கட்கிழமைகளில் மட்டும் வண்டி எடுக்காது. ஒரு பேட்டரி மாற்றினேன். இரண்டு பட்டறை பார்த்தாகிவிட்டது. கடைசியாக ஒரு வயரிங் மெக்கானிக், "அண்ணே, வண்டிய இங்க விடாதீங்க. பத்து நாள் எழுதிக்கிட்டு வாங்க" என்றார்.

இரவு பத்து மணிக்கு ஒரு அளவு, காலை ஏழு மணிக்கு ஒரு அளவு எழுதினேன். காலையில் கதவைத் திறந்தால் காரின் மின்னணுப் பாகங்கள் விழித்து அளவு மாறிவிடும். அதனால் இரவே பானட் நெம்புகோலை இழுத்து விட்டுவிடுவேன். காலையில் வெளியிலிருந்தே பானட்டைத் தூக்கி மீட்டரை வைப்பேன். கேட் பூட்டிய வீட்டுக்குள் நிற்கும் காருக்கு மட்டும் இது சரிவரும். அளவோடு கூடவே அன்று மழையா, சார்ஜரில் ஏதாவது செருகியிருந்ததா, கடைசியாக எந்தக் கதவு சாத்தப்பட்டது, சாத்தியவர் யார் என்பதையும் எழுதச் சொல்லியிருந்தார்.

பதினொரு இரவுகளில் எட்டு இரவு 0.03 வோல்ட்டுக்கு மேல் இறங்கவில்லை. மூன்று இரவு மட்டும் 12.58-லிருந்து 12.4-க்கு அருகே வந்திருந்தது. அந்த மூன்று நாளும் கடைசியாக இறங்கியவள் என் மகள். பின்பக்க இடது கதவு. மெதுவாகச் சாத்துவாள்.

மெக்கானிக் அந்தக் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுக் காத்திருந்து அளந்தார். 22 மில்லி ஆம்பியர். திறந்து, மகள் சாத்துவதுபோல் மெதுவாகச் சாத்தினார். கதவு பூட்டிக்கொண்டது. ஆனால் மீட்டரில் 640-க்குக் கீழே இறங்கவே இல்லை. கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் தேய்ந்துபோயிருந்தது. கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று நினைத்து கார் தூங்காமல் விழித்திருந்தது. உள்விளக்கு சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடும் அமைப்பு இருந்ததால் எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. சனிக்கிழமை மாலை மகளின் வகுப்பு முடிந்து வந்து நிறுத்தினால் திங்கட்கிழமை காலை வரை 37 மணி நேரம். கிட்டத்தட்ட 24 ஏ.எச். போய்விடும். எல்லாத் திங்கட்கிழமையும் எடுக்காமல் போகாததற்குக் காரணம், எல்லாச் சனிக்கிழமையும் அந்தக் கதவு கடைசிக் கதவாக இல்லாததுதான்.

கரண்டை அளப்பது எப்படி?

எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். பானட்டைத் திறந்து வையுங்கள். சாவி காரை விட்டுத் தள்ளி வீட்டுக்குள் இருக்கட்டும். உள்ளே போக வேண்டியிருக்கும் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிவிட்டால், கதவு திறந்திருந்தாலும் சாத்தியதாகவே கார் எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அதை விடுவிக்க மறக்காதீர்கள். மறந்து கதவைச் சாத்தினால் பூட்டு உடையும்.

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். நெகட்டிவ் முனைக்கும் அதன் கிளாம்புக்கும் இடையே முதலில் ஒரு ஜம்பர் வயரை இணையுங்கள். பிறகு கிளாம்பைக் கழற்றி, அதே இரு இடங்களிலும் மீட்டரின் முனைகளைக் கவ்வ வைத்து, ஜம்பரை எடுங்கள். இப்படிச் செய்தால் காருக்குப் போகும் கரண்ட் ஒரு நொடியும் அறுபடாது. அறுபட்டால் தூங்கிய பாகங்கள் எல்லாம் மறுபடி விழித்துக்கொள்ளும். சில நேரம் கோளாறும் தற்காலிகமாக மறைந்துவிடும்.

மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

முதலில் காட்டும் அளவைப் பார்த்துப் பதற வேண்டாம். கார் முழுதாகத் தூங்க சில நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். காத்திருந்து பார்க்கும் அளவுதான் உண்மை. மீட்டரில் அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் இரவு முழுவதும் விட்டுவைக்கலாம். மில்லி ஆம்பியர் வரை காட்டும் டி.சி. கிளாம்ப் மீட்டர் இருந்தால் எதையும் கழற்றாமல் வயரைச் சுற்றிக் கவ்வவிட்டே அளக்கலாம். வீட்டு வயரிங்குக்கு விற்கும் மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பல, ஏ.சி. கரண்டை மட்டும்தான் அளக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஃபியூஸைப் பிடுங்காதீர்கள்

அளவு கூடுதலாக இருக்கிறது என்றால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். எப்போதும் இறங்கும் காருக்கு அது சரி. வந்து வந்து போகும் கோளாறு அபூர்வமாகக் கண்முன் நிற்கும்போது எதையாவது பிடுங்கினால் அது ஓடிவிடும். அதற்குப் பதிலாக, ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்துத் தொடுங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். ஓடும் ஃபியூஸில் சிறிய அளவு ஒன்று தெரியும். எந்த ஃபியூஸ் என்று தெரிந்தால், எந்த சர்க்யூட் என்பதை மூடியில் ஒட்டியிருக்கும் அட்டவணை சொல்லிவிடும்.

எந்த ஃபியூஸிலும் எதுவும் தெரியவில்லை, ஆனால் கரண்ட் போகிறது என்றால் ஃபியூஸ் பெட்டியைத் தாண்டி நேராகப் பேட்டரிக்கு வரும் வயர்களைப் பாருங்கள். ஆல்டர்நேட்டருக்குள் ஒரு டையோடு கசிந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

சூழ்நிலையும் சந்தேகமும்

மழை நாளில் மட்டும் இறங்கினால் கதவு ஸ்விட்சுகளிலும் வயர் இணைப்புகளிலும் ஈரம் இறங்கியிருக்கலாம். நீண்ட தூரம் ஓட்டிய அன்று மட்டும் என்றால் ஒட்டிக்கொள்ளும் ரிலேயைச் சந்தேகிக்கலாம். காலையில் ஒவ்வொன்றாக விரலால் தொட்டால் ஒட்டிய ரிலே மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். கீலெஸ் காரின் சாவி, கார் நிற்கும் சுவருக்கு மறுபக்கம் மாட்டியிருந்தால் காரை அடிக்கடி எழுப்பக்கூடும்.

வெளியில் மாட்டிய சாமான்களைத் தனியாகக் கவனியுங்கள். ஸ்டீரியோவுக்கு மஞ்சள் வயர் நிரந்தர கரண்ட், சிவப்பு வயர் சாவி திருப்பினால் வரும் கரண்ட். இரண்டையும் முறுக்கி ஒன்றாக மஞ்சளில் சேர்த்திருந்தால், அணைக்க மறந்த நாளெல்லாம் பேட்டரி இறங்கும். நிறுத்திய பிறகும் பதிவுசெய்யும் டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி, ஓ.பி.டி. துளையில் செருகி மறந்த சாதனம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

டிக்கி விளக்கும் டேஷ்போர்டு பெட்டி விளக்கும் மூடியதும் அணைகின்றனவா என்று பார்க்க, மொபைலில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் காருக்குக் கடைசியில் ஒரு கதவுப் பூட்டு மட்டும் மாற்றினோம். வீணாக வாங்கிய பேட்டரியின் விலையில் சிறு பங்குதான் அதற்கு ஆனது. உங்கள் காரும் இப்படி இறங்கினால், மெக்கானிக்கிடம் "பேட்டரி டவுன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பத்து நாள் எழுதிய கணக்கைக் கையில் கொடுங்கள். அளந்து பார்க்க அவருக்கு ஆகும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள். "நிற்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது?" என்ற கேள்விக்கு விடை தெரியும் வரை புது பேட்டரிக்குப் பணம் கட்டாதீர்கள்.