மலக்குடல் புற்றுநோய்: நாணம் விட்டால் நலம் பெறலாம்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆலயத்திற்கு வரும் மெய்யன்பர்கள் தம் குடும்பத்தாருக்காக முதலில் வேண்டிக்கொள்வதும் அதுவே. ஆயினும் ஒரு நோயைப் பற்றி மட்டும் நம்மவர்கள் வீட்டிலும் பேசுவதில்லை, மருத்துவரிடமும் சொல்வதில்லை. பெருங்குடலிலும் மலக்குடலிலும் உண்டாகும் புற்றுநோயே அது. சிங்கப்பூரில் ஆண், பெண் இருபாலாரிடையேயும் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று. மலத்தில் இரத்தம் தென்பட்டால், "உடல் சூடு", "மூலமாக இருக்கும்" என்று நாமே முடிவு செய்து, மோர் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். இந்த நாணமும் அலட்சியமும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இந்நோயின் கொடுமையைத் தம் குடும்பத்திலேயே கண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை 1920-களில் மலக்குடல் புற்றுநோய்க்கு இளவயதிலேயே பலியானார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததே சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954-ஆம் ஆண்டு வெறும் 12 படுக்கைகளுடன் அது தொடங்கப்பட்டது. அந்தத் தங்கைக்கு அன்று கிட்டாத வசதிகள் பல இன்று நமக்குக் கிட்டியுள்ளன. அவற்றை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

நோய் வளரும் விதம்

பெருங்குடலின் உட்சுவரில் முதலில் 'பாலிப்' எனப்படும் சிறு சதைமுளை தோன்றுகிறது. எல்லா முளைகளும் புற்றாவதில்லை. மாறுகின்ற ஒன்று புற்றுநோயாகப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் வரை ஆகிறது. இந்த நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. கொலோனோஸ்கோப்பி என்னும் குழாய்வழிப் பரிசோதனையின்போதே முளையை அகற்றிவிடலாம். அப்போது நோய் கண்டுபிடிக்கப்படுவது மட்டுமன்றித் தடுக்கவும் படுகிறது.

யாருக்குக் குழாய்வழிப் பரிசோதனை தேவை என்பதை அறிய உதவுவது 'ஃபிட்' என்னும் எளிய மலப் பரிசோதனை. முற்காலச் சோதனைக்கு இறைச்சி முதலியவற்றைச் சில நாட்கள் தவிர்க்க வேண்டியிருந்தது. ஃபிட் பரிசோதனையோ மனித இரத்தத்தை மட்டும் இனங்காணும் எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யப்படுகிறது. ஆகவே பத்தியம் தேவையில்லை. வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் இது காட்டிக்கொடுக்கும்.

50 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதனைச் செய்துகொள்ள வேண்டும். இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் புற்றுநோய் என்று அஞ்சிவிட வேண்டாம். மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். பெற்றோர், உடன்பிறந்தோர் எவருக்கேனும் இந்நோய் வந்திருந்தால் 50 வயது வரை காத்திராமல் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். இரத்தக் கசிவு, மலம் கழிப்பதில் நீடித்த மாற்றம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை உள்ளவர்கள் எந்த வயதினராயினும் நேரே மருத்துவரிடம் செல்லுதல் நலம்.

சிகிச்சையில் புதுமைகள்

நம் உடலின் நோய் எதிர்ப்புச் சக்திக்குப் புற்றணுக்கள் ஒருவகைத் தடை போட்டுவிடுகின்றன. அத்தடையை நீக்கும் வழியைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வழியில் உருவான 'டோஸ்டார்லிமாப்' என்னும் மருந்தை நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு ஆறு மாதங்கள் கொடுத்துப் பார்த்தனர். 2022-இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. சிகிச்சையை முடித்த முதல் 12 பேருக்கும் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ இல்லாமலே கட்டி மறைந்திருந்தது. எனினும் இது எல்லோருக்கும் பொருந்தாது. அணுக்களின் மரபுப் பிழைகளைத் திருத்தும் ஆற்றல் கெட்டுப்போன கட்டிகளுக்கே பயன்படும். மலக்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே இவ்வகையினர்.

ஆஸ்திரேலியாவில் இரண்டாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 455 பேரிடம் நடந்த ஆய்வும் 2022-இல் வெளிவந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் இரத்தத்தில் புற்றணுவின் மரபுத் துணுக்குகள் உள்ளனவா என்று பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் 'கீமோ' மருந்து தரப்பட்டது. இதனால் அம்மருந்தைப் பெற்றவர்கள் 28 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைந்தனர்; நோய் திரும்புவது கூடவில்லை.

2025-இல் வெளியான மற்றோர் ஆய்வு 889 பேரைப் பற்றியது. சிகிச்சைக்குப் பின் மூன்று ஆண்டுகள் முறையான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது மரணம் நேரும் அபாயம் 28 விழுக்காடு குறைந்தது. விலையில்லா மருந்து இதைவிட வேறு உண்டோ!

ஜூரோங்கில் நமக்குள்ள வசதி

சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் 50 வயதைக் கடந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஃபிட் பரிசோதனைப் பெட்டியை இலவசமாக வழங்குகிறது. குழாய்வழிப் பரிசோதனைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். ஜூரோங் வட்டார மக்களுக்கு அருகிலேயே இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை 2015 முதல் சேவையாற்றி வருகிறது. ஒரு குடும்பத்தார் மனமுவந்து அளித்த 125 மில்லியன் வெள்ளி நன்கொடையைப் போற்றியே அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. ஈகையின் பயன் எத்தனை தலைமுறைகளுக்கு நீள்கிறது என்பதை நன்கொடையாளர்களாகிய தங்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

அத்தகைய பெருங்கொடை எல்லோராலும் இயலாது. ஆனால் இல்லத்திலுள்ள பெரியவர்களிடம், "அப்பா, அம்மா, இந்த ஆண்டுப் பரிசோதனை ஆயிற்றா?" என்று கேட்பது எல்லோராலும் இயலும். கேட்பதோடு நில்லாமல் பெட்டியை வாங்கி வந்து கையில் கொடுங்கள். அதுவும் ஓர் அறமே. அன்பர்கள் அனைவரும் நோய்நொடியின்றி நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.