திரையில் ஓடுகிறது, டிஸ்க்கில் ஏறுகிறதா?

கடையில் திருட்டு நடந்த மறுநாள் காலை எல்லோரும் ஓடுவது, கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் அந்தப் பெட்டியை நோக்கித்தான். அதுவரை அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும். சுவரில் மாட்டிய மானிட்டரில் எட்டுக் கட்டங்களிலும் படம் ஓடிக்கொண்டே இருப்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. பதிவைத் தேடிப் போனால், கடைசியாகப் பதிவானது போன தீபாவளிக் கூட்டம் என்று தெரியவரும்.

“லைவ் ஓடுதே தம்பி, அப்புறம் ரெக்கார்டு எப்படி இல்லாமப் போகும்?” என்று கேட்காத அண்ணாச்சி கிடையாது. நியாயமான கேள்விதான். கேமராவிலிருந்து வரும் படம் திரைக்குப் போகும் வழி ஒன்று, டிஸ்க்குக்குப் போகும் வழி இன்னொன்று. டிஸ்க் செத்துப் பல மாதம் ஆனாலும் திரை பாட்டுக்கு ஓடும். நம் ஊரில் கேமராவுக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட ரெக்கார்டருக்குக் காட்டுவதில்லை. எத்தனை மெகாபிக்சல் என்று விசாரிக்கிறார்கள். எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதை யாரோ சொன்ன வாய்க்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

நாலு கேமரா உள்ள சின்னக் கடைக்கு ரெடிமேட் டிவிஆர், என்விஆர் பெட்டியே போதும். அதற்கு மேல் போகும்போதுதான் கம்ப்யூட்டரையே ரெக்கார்டராக ஆக்குவது பலன் தருகிறது. வேண்டிய அளவு டிஸ்க் போடலாம். பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம். ஒரே கம்பெனியின் கேமராவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய ஆன்விஃப் என்ற பொது விதிமுறையை ஏற்கும் கேமரா என்றால், எந்த பிராண்டாக இருந்தாலும் மென்பொருளோடு பேசிவிடும். ஆனால் ஒன்று. கட்டிய பிறகு கவனித்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் கம்ப்யூட்டரைப் போடாதீர்கள்.

இந்த வேலைக்கு நம் ஊரில் ஒரு பழைய வரலாறும் உண்டு. அனலாக் கேமரா காலத்தில் பிசிஐ ஸ்லாட்டில் ஒரு ‘டிவிஆர் கார்டு’ செருகுவார்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் நாலு பிஎன்சி சாக்கெட் வைத்த கார்டு கைக்கு வரும். மலிவான கார்டுகளில் உட்கார்ந்திருந்தது பிடி878 என்ற சிப். டிவி ட்யூனர் கார்டுகளிலும் அதே சிப்தான். சாக்கெட் நாலு, சிப் ஒன்று என்றால் அங்கேதான் சூது. அந்தச் சிப்பால் ஒரு நேரத்தில் ஒரு கேமராவைத்தான் பார்க்க முடியும். நாலையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். அனலாக் படத்துக்கான ‘பால்’ முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போதெல்லாம் சிங்க் பிடிக்கவே ஃபிரேம்கள் வீணாகும். கடைசியில் கேமராவுக்கு நொடிக்கு இரண்டு மூன்று படம் மிஞ்சினால் பெரிது. கல்லாவில் கை வைத்து எடுக்க ஒரு நொடி போதும். விவரம் தெரிந்தவர்கள் கார்டு வாங்கும்போது சாக்கெட்டை எண்ண மாட்டார்கள், சிப்பை எண்ணுவார்கள். கார்டு நல்லதாகவே இருந்தாலும் சில வயா சிப்செட் மதர்போர்டுகளில் செருகினால் மெஷின் தகராறு செய்யும். லினக்ஸின் பிடிடிவி டிரைவரில் இதைச் சமாளிக்கவே தனி ஆப்ஷன் வைக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில்தான் பிரிட்டனில் பிலிப் கூம்ப்ஸ் என்பவரின் கராஜை யாரோ உடைத்து, பவர் டூல்ஸ் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கராஜுக்குப் போகும் பாதையைப் பார்த்தபடி ஒரு கேமரா இருந்திருந்தால் நடந்தது தெரிந்திருக்குமே என்ற ஆற்றாமையில் அவர் எழுதத் தொடங்கியது ஸோன்மைண்டர். 2002-ல் வெளிவந்த அந்த இலவச மென்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. இப்போது விண்டோஸ்காரர்களுக்கு புளூ ஐரிஸ் இருக்கிறது. ஆள், வண்டி, நாய் என்று பிரித்துச் சொல்ல ஃபிரிகேட் இருக்கிறது. எதைப் போட்டாலும் கீழே இருக்கும் இரும்பும் கணக்கும் ஒன்றுதான்.

அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுவிடுவோம். 1080பி கேமரா ஒன்றுக்கு எச்.264 முறையில் நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அரை மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆக, ஒரு கேமரா ஒரு நாளில் 43 ஜிபி எழுதும். எட்டு கேமராவுக்கு 345 ஜிபி. “ஒரு மாசம் பேக்கப் வரும்ணே” என்று சொல்லி 1 டிபி டிஸ்க்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தால், அது மூன்று நாள்கூடத் தாங்காது. முப்பது நாளுக்கு 10 டிபிக்கு மேல் வேண்டும். எச்.265-க்கு மாற்றினால் ஏறக்குறையப் பாதியாகும். ஆள் நடமாட்டம் உள்ளபோது மட்டும் பதியும் மோஷன் முறையில் இன்னும் குறையும். குடோனுக்கு அது சரி. கல்லாவுக்கும் வாசலுக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மங்கிய வெளிச்சத்தில் மெதுவாக நகரும் ஆளை மென்பொருள் கோட்டைவிடும் இடங்கள் அவைதான்.

டிஸ்க் எவ்வளவு பெரிது என்பதோடு எந்த வகை என்பதும் முக்கியம். மேசைக் கணினிக்கான சாதாரண டிஸ்க்கின் விவரத்தாளைப் புரட்டினால், ஆண்டுக்கு 2,400 மணி நேர ஓட்டம், 55 டிபி வேலைச்சுமை என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆண்டுக்கு மொத்தம் 8,760 மணி நேரம். நம் எட்டு கேமராக்கள் ஓராண்டில் எழுதுவது 126 டிபி. கணக்கு அங்கேயே இடிக்கிறது. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற சர்வெய்லன்ஸ் டிஸ்க்குகள் 24 மணி நேரமும் ஓடுவதற்கென்றே, ஆண்டுக்கு 180 டிபி அளவில் வருபவை. ஒரு செக்டரில் தடுமாறினால் அங்கேயே நின்று மல்லுக்கட்டாமல் அடுத்ததை எழுதப் போய்விடும். ஒரு ஃபிரேம் போனால் போகட்டும், ஓட்டம் நிற்கக் கூடாது என்பது அதன் போக்கு.

டிஸ்க் உடம்பு சரியில்லை என்பதை அதுவே சொல்லும். கேட்கத்தான் ஆள் இல்லை. ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் 5, 197 என்ற எண்களுக்கு எதிரே பூஜ்யம் இருக்க வேண்டும். அவை ஏறத் தொடங்கினால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 199 மட்டும் ஏறினால் அவசரப்பட்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம்.

இதைவிட நயவஞ்சகமான கோளாறு ஒன்று உண்டு. லினக்ஸில் பதிவு டிஸ்க் பூட் ஆகும்போது மவுன்ட் ஆகாமல் போனால், மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. அதே பெயருள்ள காலி ஃபோல்டரில், சிஸ்டம் இருக்கும் சின்ன எஸ்எஸ்டியில் எழுதித் தள்ளும். சில மணி நேரத்தில் எஸ்எஸ்டி நிரம்பி மெஷினே படுத்துவிடும். விண்டோஸில் இதற்கு அண்ணன் தம்பி உண்டு: புது டிஸ்க் சேர்த்ததும் டிரைவ் எழுத்து மாறி, பதிவு போக வேண்டிய இடமே இல்லாமல் போவது.

ராமிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. ஸோன்மைண்டர், வந்த படத்தைப் பிரித்துப் பகிர்வு நினைவகத்தில் வரிசையாக அடுக்கும். 1920 × 1080 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரே படம் 8.3 எம்பி. நாற்பது படம் அடுக்கினால் 330 எம்பி. லினக்ஸ் அந்தப் பகுதிக்கு வழக்கமாக ராமில் பாதியைத்தான் விடும். 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் ஐந்தாறு கேமரா வரை அழகாக ஓடும். ஏழாவதைச் சேர்த்ததும் படம் வராது. எல்லோரும் ஏழாவது கேமராவைக் கழற்றிச் சோதிப்பார்கள். அது பாவம், ஒரு தப்பும் செய்திருக்காது.

மாலை ஆறரைக்குக் காணாமல் போகும் கேமரா

துணிக்கடை ஒன்றில் பின்வாசல் கேமரா மட்டும் தினமும் பொழுது சாய்ந்ததும் மறைந்துவிடும். காலையில் தானாக வந்துவிடும். மென்பொருளை மாற்றினார்கள், கேமராவை மாற்றினார்கள், சுவிட்சில் வேறு போர்ட்டில் செருகினார்கள். பகலில் ஆள் வந்து பார்க்கும்போதெல்லாம் படம் பளிச்சென்று இருந்தது.

இந்த மாதிரிப் புகாருக்கு ஒரு சின்னச் சோதனை போதும். பட்டப்பகலில் ஏணி போட்டு ஏறி, கேமராவின் முகத்தைக் கையால் முழுக்கப் பொத்த வேண்டும். இருட்டிவிட்டது என்று கேமரா நினைத்துக்கொள்ளும். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம்: ஐஆர் ஃபில்டர் விலகுகிறது. அடுத்த கணம் விரல் இடுக்கில் மங்கலான சிவப்பு, ஐஆர் எல்இடிகள் எரிகின்றன. அங்கேதான் கரன்ட் கூடுதலாக இழுக்கும். அந்தத் துணிக்கடைக் கேமரா அந்த நொடியில் செத்து, மறுபடி பூட் ஆகி, இருட்டைக் கண்டதும் மறுபடி செத்தது.

மீதியைக் கேபிள் சொன்னது. முனையை உரித்துக் கம்பியைப் பிளேடால் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். கடைகளில் சிசிஏ என்று சொல்வார்கள். நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட்டையும் அனுப்பும் பிஓஇ சுவிட்ச், 802.3ஏஎஃப் விதிப்படி 15.4 வாட் அனுப்பினால், 100 மீட்டர் தள்ளி இருக்கும் கேமராவுக்கு 12.95 வாட் போய்ச் சேர வேண்டும். அது முழுச் செம்புக் கம்பிக்குப் போட்ட கணக்கு. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்த கேபிள், திருடன் வரும் நேரம் பார்த்து வேலையை நிறுத்திக்கொண்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படம் சாம்பல் நிறமாக இழுவினால், கேமரா படம் அனுப்பும் ஆர்டிஎஸ்பியை யுடிபியிலிருந்து டிசிபிக்கு மாற்றிப் பாருங்கள். சிபியு திணறினால் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்க கேமராவின் சின்னப் படமான சப் ஸ்ட்ரீமைக் கொடுங்கள், பதிவுக்கு மட்டும் மெயின் ஸ்ட்ரீம். ராத்திரி முழுக்க மோஷன் அலாரம் அடித்தால் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை இருக்கிறதா என்று பாருங்கள். கரன்ட் போய் வந்ததும் மெஷின் தானாக எழ பயாஸில் ஒரு ஆப்ஷன் உண்டு. அதைப் போடாத மெஷின், யாராவது பட்டனை அழுத்தும் வரை தூங்கும். விண்டோஸின் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். போனில் பார்க்க ஆசைப்பட்டு ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க வளைத்துப்போட்டதில் பெரும்பகுதி, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களும் டிவிஆர்களும்தான். அதைக் கொண்டு அந்த அக்டோபரில், இணையதளங்களுக்கு டிஎன்எஸ் சேவை தரும் டின் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர் உட்படப் பல தளங்கள் முடங்கின.

ஒரு செட்டிங்

இதெல்லாம் கடைக்காரர் கவலை என்று நினைத்துவிட முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜ், பென்னிக்ஸ் காவல் மரண வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி காவல் நிலையத்துக்குச் சென்று விசாரித்த கோவில்பட்டி நீதித்துறை நடுவர் தன் அறிக்கையில் ஒன்றைக் குறிப்பிட்டிருந்தார். ரெக்கார்டரின் ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி அளவுக்கு இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. கேமரா இருந்தது, டிஸ்க்கும் இருந்தது; தேவைப்பட்ட இரவின் பதிவு இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் படம் பிடிக்கும், ஒலியும் பதியும் கேமராக்களை வைக்க உத்தரவிட்டது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அந்த அளவுக் கருவி சந்தையில் இல்லையென்றால், கிடைப்பதில் அதிக காலம் சேமிப்பதை வாங்க வேண்டும். எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கருவிகள் வேலை செய்வதற்கும் பராமரிப்புக்கும் நிலையப் பொறுப்பு அதிகாரியையே பொறுப்பாக்கியது. மேலே போட்ட அதே கணக்கில் 18 மாதம் என்றால் ஒரு கேமராவுக்கு 23 டிபிக்கு மேல். வாசல், லாக்கப், வராண்டா, வரவேற்பு, ஆய்வாளர் அறை என்று நீதிமன்றம் அடுக்கிய இடங்களுக்குப் பத்து கேமரா என்றாலும் 230 டிபி. எச்.265 போட்டுப் பாதியாக்கினாலும் நூறைத் தாண்டும். கேமராவை மாட்டிவிட்டோம் என்று கணக்குக் காட்டும் எந்த அலுவலகத்திடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, டிஸ்க் எத்தனை டிபி என்பதுதான்.

பதிவு இருந்தாலும் நீதிமன்றத்தில் அது நிற்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். மானிட்டரில் ஓடும் படத்தைச் செல்போனில் பிடித்துக் கொடுப்பது ஃபைல் ஆகாது. மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அப்போதே ஹாஷைக் குறித்துவையுங்கள், மூல டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அது உள்ளேயே இருந்தால் சுற்றிவந்து பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். படத்தில் உள்ள நேரமும் சரியாக இருக்க வேண்டும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போன மெஷினின் பதிவை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது கஷ்டம். ரெக்கார்டர், கேமரா எல்லாவற்றையும் நெட்வொர்க் வழியே நேரம் தரும் ஒரே என்டிபி சர்வரோடு கட்டிவிடுங்கள்.

உங்கள் கடையிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, பள்ளியிலோ கேமரா இருந்தால் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். பதினைந்து நாளுக்கு முந்தைய ஒரு தேதியை எடுங்கள். அதிகாலை மூன்று மணி. ஒவ்வொரு கேமராவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்தைப் பென்டிரைவில் ஏற்றி, வேறு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பாருங்கள். எட்டில் ஒன்று வராவிட்டாலும் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.