நாட்டை இழந்தும் ஆய்வைக் கைவிடாத அறிஞர்: பைசாந்திய இசைக்குறியீட்டைப் படித்துக் காட்டிய எகான் வெல்லெஸ்

இடைக்காலக் கிரேக்கத் திருச்சபைப் பாடல்களின் மெட்டுகளைச் சுவடிகளிலிருந்து மீட்டெடுத்த அறிஞர்களுள் முக்கியமானவர் ஆஸ்திரியாவின் எகான் வெல்லெஸ். 1938-இல் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டதால், பதவியையும் நாட்டையும் இழந்த அவர், இங்கிலாந்தில் தமது ஆய்வைத் தொடர்ந்தார்.

யார் இவர்?

1885-இல் வியன்னாவில், யூத வழியில் வந்த ஹங்கேரியப் பெற்றோருக்குப் பிறந்த வெல்லெஸ், இசையியல் அறிஞர் கீடோ ஆட்லரிடம் பயின்று 1908-இல் முனைவர் பட்டம் பெற்றார். இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கிடமும் பாடம் கேட்டார். 1913 முதல் வியன்னா பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்தார்.

குறியீட்டில் என்ன சிக்கல்?

ச, ரி, க என ஒவ்வொரு சுரத்தையும் பெயரிட்டு எழுதும் முறை பைசாந்தியச் சுவடிகளில் இல்லை. முந்தைய சுரத்திலிருந்து எத்தனை படி ஏற வேண்டும், எத்தனை படி இறங்க வேண்டும் என்பதையே குறியீடுகள் காட்டுகின்றன. தொடக்கச் சுரத்தைத் தவறாகக் கொண்டால் மெட்டு முழுவதும் இடம்மாறிவிடும்.

மேலும், ஒரே ஒரு படி ஏறுவதற்கே பல குறியீடுகள் இருந்தன. அவை ஒரே பொருளைத் தருபவை அல்ல. அழுத்தம், அசைவு போன்ற பாடும் முறையின் வேறுபாடுகளைச் சுட்டுபவை என வெல்லெஸ் விளக்கினார். பிரிட்டிஷ் அறிஞர் டில்யார்டும் தனியே இக்குறியீடுகளை ஆராய்ந்து வந்தார். இவ்விருவரும் டென்மார்க்கின் கார்ஸ்டன் ஹோக்குடன் இணைந்து, சுவடிகளைப் பதிப்பிக்கும் திட்டத்தை 1931-இல் கோபன்ஹேகனில் தொடங்கினர்.

ஆக்ஸ்ஃபோர்டும் தடுப்பு முகாமும்

1932-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ஹைடனுக்குப் பின் இப்பெருமையைப் பெற்ற முதல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் அவரே.

1938 மார்ச்சில் ஆஸ்திரியா வீழ்ந்தபோது, தமது படைப்பு இசைக்கப்படுவதைக் கேட்க ஆம்ஸ்டர்டாம் சென்றிருந்தார் வெல்லெஸ். நாடு திரும்பாமல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். 1939-இல் ஆக்ஸ்ஃபோர்டின் லிங்கன் கல்லூரி அவரை ஆய்வாளராக ஏற்றது. ஆனால் மறு ஆண்டே, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அவரை 'எதிரி நாட்டவர்' எனக் கூறி பிரிட்டிஷ் அரசு தடுப்பு முகாமில் அடைத்தது. இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் உள்ளிட்டோர் பரிந்து பேசியதால் விடுதலையானார்.

இன்றும் தொடரும் விவாதம்

பைசாந்திய இசை வரலாறு குறித்த அவரது பெருநூல் 1949-இல் வெளியானது. சில ஆண்டுகள் எதையும் இயற்றாதிருந்த அவர், போருக்குப் பின் ஒன்பது சிம்பொனிகளை எழுதினார். 1974-இல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

வழிவழியாக வாய்மொழியில் வரும் பாடல் மரபுக்கு அவரது வாசிப்பு போதிய இடம் தரவில்லை எனக் கிரேக்க அறிஞர்கள் விமர்சித்துள்ளனர். ஆனாலும், அந்த விவாதம் நடப்பதற்கே அவரும் அவரது கூட்டாளிகளும் பதிப்பித்த சுவடிகள் அடித்தளமாக இருக்கின்றன.