மால்பும் மலைக்கயிறும்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில்லி மாநகரின் மேற்கே ஜனக்புரியில் நாம் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில், கல்லூரியில் பயிலும் நம் மகன் ஒரு கயிற்றுச் சுருளை வைத்து முடிச்சிட்டுப் பழகிக் கொண்டிருந்தான். சரக்கு லாரிகளில் மூட்டை கட்டுவதற்கென்று கடைத்தெருவில் விற்கும் பச்சைநிறப் பிளாஸ்டிக் கயிறு அது. எதற்கென்று வினவினோம். ஹரியானா மாநிலத்துப் பரீதாபாத் மாவட்டத்தில் தௌஜ் என்னும் ஊரை அடுத்துள்ள ஆரவல்லிப் பாறைகளில் நண்பனோடு ஏறப் போவதாக விடை கூறினான். “முற்காலத்தில் எல்லோரும் வீட்டில் செய்த கருவிகளைக் கொண்டுதானே ஏறினார்கள், அப்பா?” என்று ஒரு வாதமும் உடன் வந்தது.

அவ்வாதம் நம்மைச் சிந்திக்க வைத்தது. அவன் தாயோ கயிற்றைப் பார்த்த கணத்திலேயே முகம் வாடிப் போனாள். வெறுமனே தடுப்பதைக் காட்டிலும், முற்காலத்தவர் செய்தது யாது, ஏன் செய்தனர் என்று ஆராய்ந்து அவனிடம் கூறுவதே தக்கது என எண்ணினோம். அவ்வாறு அறிந்தவற்றையே நேயர்களுக்கும் இங்கு எடுத்துரைக்கிறோம்.

பாறையில் ஏறுவதற்குக் கருவி செய்தல் நம்மவர்க்குப் புதிதன்று. ‘மால்பு’ என்றொரு பழஞ்சொல் உண்டு. புறநானூற்றிலும் மலைபடுகடாத்திலும் இச்சொல் வருகிறது. மூங்கிலின் கணுக்களையே படிகளாகக் கொண்ட ஏணிக்கு அது பெயர். கண்ணேணி என்றும் வழங்குவர். செங்குத்தான வரையில் தொங்கும் தேனடைகளை எடுக்கக் குறவர் இதனைச் சார்த்தி ஏறினர். நீலகிரியில் வாழும் குறும்பர் முதலிய பழங்குடியினர் காட்டுக்கொடிகளை முறுக்கி நூலேணி செய்து, மேலேயுள்ள மரத்தில் பிணைத்து, அதன் வழியே பாறை முகத்தில் இறங்கிப் பெருந்தேனீக்களைப் புகையிட்டு விலக்கித் தேன் எடுத்து வந்திருக்கின்றனர். தேன் எடுப்போரிடையே ஒரு வழக்கம் உண்டென்று ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இறங்குகிறவனின் ஏணியை மேலே நின்று காப்பவன் அவனுடைய மைத்துனனாக, அதாவது மனைவியின் உடன்பிறந்தானாக இருத்தல் வேண்டும். தன் தங்கை கைம்பெண் ஆவதை எந்த அண்ணனும் விரும்பான் அன்றோ?

இது பிழைப்புக்காக ஏறியது. ஏறும் இன்பத்துக்காகவே பாறையில் ஏறும் வழக்கம் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. 1886 ஜூன் மாத இறுதியில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ‘நேப்ஸ் ஊசி’ எனப்படும் கூரிய பாறைத்தூணின் மேல் ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர் கயிறுமின்றித் துணையுமின்றித் தனியே ஏறினார். உச்சியை அடைந்தமைக்குச் சான்றாகத் தம் கைக்குட்டையை ஒரு கல்லின்கீழ் வைத்து இறங்கினார். பிரிட்டனில் பாறையேற்றம் தனி விளையாட்டாகத் தொடங்கியது அந்நாளில் என்பர்.

அக்காலத்துக் கயிறு சணல், மணிலா முதலிய நார்களால் திரிக்கப்பட்டது. அதனை நேராக இடுப்பிலேயே கட்டிக் கொண்டனர். நார்க்கயிறு அதிகம் நீளாது. விழுகிறவனின் வேகம் முழுவதையும் அது ஒரே வெட்டில் தாங்க வேண்டியிருப்பதால் எளிதில் அறுந்துவிடும். 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டிய எழுவர் கீழிறங்குகையில் ஒருவர் வழுக்கினார். நால்வர் வீழ்ந்து மாண்டனர். வீழ்ந்தவர்களையும் எஞ்சியவர்களையும் இணைத்திருந்த கயிறு இடையில் அறுந்தது. அவர்கள் கொண்டு சென்றவற்றுள் மிகவும் வலிமை குன்றிய கயிறு அதுவே எனப் பின்னர்த் தெரியவந்தது. முன்னே ஏறுகிறவன் விழவே கூடாது என்பது நெடுங்காலம் இக்கலையின் முதல் விதியாக விளங்கியதற்கு இதுவே காரணம்.

விழுந்தாலும் தாங்குவதற்கு இடையிடையே பாறையில் ஒரு பிடிமானம் வேண்டும். இத்தேவையே பல கைவினைகளைப் பிறப்பித்தது. வேல்சு நாட்டு மலைகளில் 1920களில் ஏறியவர்கள் கூழாங்கற்களைச் சட்டைப்பையில் எடுத்துச் சென்றனர். கீழ்நோக்கிக் குறுகும் பாறைப் பிளவு ஒன்றில் கல்லைச் செருகி, அதன் பின்புறமாகக் கயிற்றுக் கண்ணியைச் சுற்றினர். கீழே இழுக்க இழுக்கக் கல் மேலும் இறுகுமே தவிரக் கழலாது. 1950களில் அங்கேயே ஸ்னோடன் மலை இருப்புப்பாதையின் ஓரம் கிடந்த இரும்பு நட்டுகளைப் பொறுக்கியெடுத்து, உள்ளேயிருக்கும் திருகுமரையை அரத்தால் தேய்த்து நீக்கிக் கயிற்றைக் கோத்துக் கொண்டனர். மரையின் கூர் கயிற்றை அறுத்துவிடும் என்பதாலேயே அவ்வாறு தேய்த்தனர். 1961-இல் இதற்கென்றே செய்த ஆப்புகள் விற்பனைக்கு வந்தன. இன்றும் அக்கருவிக்கு ‘நட்’ என்றே பெயர்.

அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் வேறோர் இடர் எழுந்தது. ஐரோப்பாவில் சுத்தியலால் பிளவில் அறைந்த ‘பிட்டான்’ என்னும் ஆணிகள் மெல்லிரும்பால் ஆனவை. அங்குள்ள கடினமான கருங்கல்லில் அவை வளைந்து மடங்கின. சுவிட்சர்லாந்தில் பிறந்த கொல்லர் ஜான் சலாத்தே என்பவர் 1940களில் கலப்பு எஃகைக் காய்ச்சி அடித்து வலிய ஆணிகளைத் தாமே வடித்தார். பழைய போர்டு மோட்டார் வண்டி ஒன்றின் அச்சே அதற்கு மூலப்பொருள் என்பது செவிவழிச் செய்தி. அதே பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்து நிற்கும் எல் கேப்பிட்டன் பாறையை வாரன் ஹார்டிங் குழுவினர் 1957-இல் தொடங்கி 1958 நவம்பர் 12 அன்று ஏறி முடித்தனர். அகன்ற பிளவுகளில் அறையப் பெரிய ஆணி கிட்டாமையால், குப்பையில் எறிந்த பழைய அடுப்புகளின் கால்களை வெட்டிப் பயன்படுத்தினர். ‘அடுப்புக்கால் பிளவு’ என்றே அவ்விடம் இன்றும் அழைக்கப்படுகிறது.

இவ்வளவையும் கேட்ட நம் மகன், தன் வாதமே வென்றது என்று முறுவலித்தான். நாமோ அவனை ஒன்றைக் கவனிக்கச் சொன்னோம். சலாத்தே கொல்லர், எஃகின் இயல்பு அறிந்தவர். நட்டைப் பொறுக்கியவர்கள் மரையை ஏன் தேய்க்க வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். தக்க பொருள் கடையில் இல்லாத காலத்தில், தேவையை நன்கு உணர்ந்தவர்கள் செய்த வேலை அது. நீ வாங்கி வந்த கயிறோ மூட்டைக்கென்று செய்யப்பட்டது. அசையாத பாரத்தைக் கட்டி நிறுத்த அது போதும். விழும் உடலின் அதிர்ச்சியை உள்வாங்கும் நீட்சி அதற்கு இல்லை. உராய்ந்து சூடேறினால் உருகவும் கூடும். இரண்டாம் உலகப் போரை ஒட்டி நைலான் கயிறு வந்ததும், 1953-இல் உள்ளிழையும் மேலுறையும் தனித்தனியே அமைந்த கயிறு தோன்றியதும் இக்குறையைத் தீர்ப்பதற்கே. இக்காலத்து ஏறுகயிறு விழுகிறவனைச் சற்றே நீண்டு கொடுத்து மெல்ல நிறுத்துகிறது. கயிற்றைப் பாறையோடு இணைக்கும் ‘காரபினர்’ என்னும் கொளுவி வளையமும் நீளவாட்டில் குறைந்தது சுமார் 2,000 கிலோ எடைக்கு நிகரான இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது விதி.

நம் நாட்டில் இக்கலையை முறையாகக் கற்பிக்க 1954 நவம்பர் 4 அன்று டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் நிறுவப்பெற்றது. எவரெஸ்டு வென்ற டென்சிங் நார்கே அங்கு பயிற்சி இயக்குநராகப் பணியாற்றினார். தில்லியில் பெனிட்டோ வாரெஸ் சாலையில் உள்ள இந்திய மலையேற்ற நிறுவன வளாகத்தில் செயற்கை ஏறுசுவர் ஒன்று உண்டு. ஜப்பானில் 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

மறுவாரம் மகனை அச்சுவருக்கு நாமே அழைத்துச் சென்றோம். பச்சைக் கயிறு இப்போது மாடியில் துணி உலர்த்தப் பயன்படுகிறது. சுவரில் அவன் ஏறுகையில் கீழே கயிற்றைப் பிடித்து நின்றவன் அவனுடைய பஞ்சாபி நண்பன். ஏறுகிறவனை விட்டு ஒரு நொடியும் அவன் கண் அகலவில்லை. உற்றாரும் உறவினரும் தொலைவில் இருக்க, பிற மாநிலத்தில் வாழும் நமக்கு மைத்துனன் கையில் ஏணியைக் கொடுக்கும் வாய்ப்பு எங்கே? வீடு திரும்பியதும் இதனைத் தாயிடம் கூறினோம். அவள் சற்று நேரம் மௌனமாக இருந்தாள். பின்னர், “அந்தப் பையனை வரும் ஞாயிறு சாப்பாட்டுக்கு அழைத்து வரச் சொல்லுங்கள்” என்றாள்.